மெடூசாவின் தலையும் ரெசின் பொம்மையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஃப்ளாரன்ஸ் நகரத்து வெண்கலப் பெர்சியஸ் பற்றி ஒரு பக்கம் எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ், ஒரு கையில் வாள், இன்னொரு கையில் உயர்த்திப் பிடித்த, பாம்புக் கூந்தல் மெடூசாவின் வெட்டுண்ட தலை, காலடியில் அவளுடைய உடல். 1545-இல் அந்நகரை ஆண்ட டியூக் கோசிமோ தெ மெடிச்சி செய்யச் சொல்லி, பென்வெனுட்டோ செல்லினி என்ற சிற்பி ஒன்பது வருடம் மல்லுக்கட்டி, 1554-இல் திறந்து வைத்த சிலை. அதன் குட்டி நகல்கள் உலகம் பூராவும் மேசை மேல் நின்றுகொண்டிருக்கின்றன. வந்த கேள்விகளில் முக்கால்வாசி அந்த நகல்களைப் பற்றித்தான்.

கேள்வி: எனக்குப் பரிசாக ஒரு பெர்சியஸ் சிலை வந்தது. பெட்டியில் 'வெண்கலம்' என்று போட்டிருக்கிறது. ஒன்றரை அடி உயரம் இருந்தும் ஒரே கையால் தூக்கிவிட முடிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பரிசாக வந்ததில் நீங்கள் ஏமாற என்ன இருக்கிறது, கொடுத்தவர் வேண்டுமானால் ஏமாந்திருக்கலாம். பெட்டியை மறுபடி எடுத்துப் பாருங்கள். 'வெண்கலம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கோல்டு காஸ்ட்' (cold cast, குளிர் வார்ப்பு) என்றோ 'பாண்டட்' என்றோ 'ஃபினிஷ்' என்றோ பொடி எழுத்தில் ஒரு வால் தொங்கும். உலையும் இல்லை, நெருப்பும் இல்லை என்று அதற்கு அர்த்தம். ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வெண்கலப் பொடியைக் கலந்து ரப்பர் அச்சின் உட்புறம் பூசி, மிச்ச இடத்தை மலிவான ஏதாவது ஒன்றால் நிரப்பி, இறுகியதும் அச்சை உரித்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பொடி நிஜ வெண்கலம்தான், அதனால் பெட்டி சொல்வது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் இதில் எரிச்சல். 'ஃபினிஷ்' என்று மட்டும் இருந்தால் அந்தப் பொடிகூட இல்லாமல் வெறும் பெயின்டாகவும் இருக்கலாம்.

சந்தேகம் தீர வேண்டுமானால் சிலையைக் கவிழ்த்துப் பாருங்கள். உலையில் வார்த்த வெண்கலம் உள்ளே வெற்றாக இருக்கும், ஓரத்தில் சில மில்லிமீட்டர் தடிமனில் உலோகச் சுவர் தெரியும், உட்புறம் கரடுமுரடாக, சில சமயம் வார்ப்பு மண் ஒட்டிக்கொண்டு இருக்கும். அடியில் பச்சைத் துணி ஒட்டி மூடியிருந்தால் ஒரு மூலையை மெல்ல உரித்துப் பாருங்கள், உள்ளே கெட்டியாக நிரம்பியிருந்தால் ரெசின் என்று வைத்துக்கொள்ளலாம். விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் கொஞ்சமாவது ரீங்கரிக்கும், ரெசின் 'டொக்' என்று மரம் மாதிரிச் சத்தம் போடும். கையில் எடுத்தவுடன் வெண்கலம் சில்லென்று இருக்கும், ரெசின் இருக்காது.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் ரெசினிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது, ஆகவே ஒட்டவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒட்டினால் மட்டும்தான் செய்தி, எடை கூட்ட உள்ளே இரும்பைப் போட்டிருக்கிறார்கள் என்று.

துத்தநாகம் என்றேனே, அது இன்னொரு ஏமாற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்கலம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்காகத் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே வெண்கல நிறம் ஏற்றி விற்றார்கள். வெண்கலத்துக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், செலவு எவ்வளவு குறையும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஊசியால் ஒரு கீறு கீறுங்கள். மஞ்சளோ செம்மஞ்சளோ தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை, வெள்ளி மாதிரிப் பளிச்சென்று சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம்.

இவ்வளவும் சோதித்து ரெசின் என்றே தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அச்சு நல்ல அச்சாக இருந்தால் ரெசினிலும் முகம் நன்றாக விழும். வெண்கலம் என்ற நினைப்பில் பார்க்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: தலையில்லாத ஒரு பெண்ணின் உடல் மேல் மிதித்துக்கொண்டு நிற்கும் சிலையை வீட்டில் வைக்க மனம் ஒப்பவில்லை. மெடூசா அப்படி என்ன பாவம் செய்தாள்?

யாருடைய கதையை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரேக்கக் கவி ஹெஸியட் சொல்கிற பழைய கதையில் அவள் பிறக்கும்போதே கார்கன் என்ற அரக்கி, சகோதரிகள் மூன்று பேரில் சாகக்கூடியவள் அவள் ஒருத்திதான், பாவம் புண்ணியம் என்ற பேச்சே அங்கே இல்லை. பல நூற்றாண்டு கழித்து ரோமாபுரியில் ஓவிட் எழுதும்போது கதை மாறிவிடுகிறது. அவள் அழகி, அதிலும் கூந்தல் பேரழகு, கடல் தெய்வம் அவளைக் கோயிலுக்குள்ளேயே பலாத்காரம் செய்கிறான், கோயிலுக்குரிய தேவி தண்டித்ததோ அவனை இல்லை, இவளை. கூந்தல் பாம்பாகிறது, பார்த்தவர்கள் கல்லாகிறார்கள். அப்புறம் ஒரு ராஜா, பெர்சியஸின் தாயை அடைவதற்குப் பையன் குறுக்கே நிற்கிறான் என்று, போய் மெடூசா தலையைக் கொண்டுவா என்று அவனை அனுப்பிவிடுகிறான். பையன் இரவல் வாங்கிய பறக்கும் செருப்போடு போய், பளபளக்கும் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்தபடி, தூங்கிக்கொண்டிருந்தவளின் கழுத்தை வெட்டுகிறான். தூக்கத்தில்! வீரன் என்கிறார்கள்.

செல்லினிக்கு இதெல்லாம் உறுத்தியதா என்று கேட்டால், சிலையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பெர்சியஸ் முகத்தையும் அவன் தூக்கிப் பிடித்திருக்கும் முகத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே மூக்கு, அதே கனத்த இமை, அதே பாதி திறந்த உதடு, இவன் தலைமுடிச் சுருளும் அவள் பாம்புச் சுருளும்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அண்ணன் தங்கை என்று சொன்னால் நம்பிவிடலாம். ஜெயித்தவன் முகத்தில் சந்தோஷமே இல்லை, தலை குனிந்திருக்கிறது. இது தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தக் கதையையே திருப்பிப் போட்டு, மெடூசா வாளோடு நிற்க, பெர்சியஸ் தலை அவள் கையில் தொங்குகிற மாதிரி லூசியானோ கார்பாட்டி 2008-இல் ஒரு சிலை செய்தார். அதன் வெண்கல வார்ப்பை 2020-இல் நியூயார்க்கில் நீதிமன்றத்துக்கு எதிரில் இருக்கும் பூங்காவில் வைத்தார்கள், அதற்கும் சண்டை வந்தது, இதையும் ஒரு ஆண்தானே செய்தான், இதிலும் அவள் ஏன் நிர்வாணமாக நிற்க வேண்டும் என்று. நியாயமான கேள்விகள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வைக்க வேண்டாம், இதில் கட்டாயம் என்ன இருக்கிறது.

கேள்வி: வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை உலையில் போட்டு இந்தச் சிலையைக் காப்பாற்றினார் என்கிறார்களே, நிஜமா?

செல்லினியே தன் சுயசரிதையில் அப்படித்தான் சொல்கிறார், மனிதர் தன்னைப் பற்றிப் பேசும்போது உப்பு காரம் தாராளமாகச் சேர்ப்பவர் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு நாளன்று பட்டறைக் கூரையில் தீ பிடித்தது, வெளியே மழையும் காற்றும் அடித்து உலையைக் குளிரவைத்தது, இவருக்கு ஜுரம் ஏறி இன்று செத்துவிடுவேன் என்று படுத்துவிட்டார். அப்போது ஒரு ஆள் வந்து வேலை கெட்டுப்போயிற்று என்று சொல்ல, எழுந்து ஓடிப் பார்த்தால் உலோகம் கட்டிதட்டிப் போயிருந்தது. காய்ந்த ஓக் விறகை அள்ளிப் போட்டு மறுபடி உருக்கினார், உலையின் மூடி வெடித்தது, உருகியதும் சரியாக ஓடவில்லை. வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும், சுமார் இருநூறு உருப்படி, கொண்டுவரச் சொல்லி உள்ளே போட்டார்.

கதையில் எவ்வளவு மிகை இருந்தாலும் அந்தக் கடைசி வேலை விவரம் தெரிந்தவன் செய்கிற வேலைதான். செம்பு மட்டும் உருக 1085 டிகிரி வேண்டும், பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தால் சுமார் ஆயிரத்திலேயே உருகிவிடும், நன்றாக ஓடவும் செய்யும். பாம்புச் சுருள், விரல் இடுக்கு என்று உள்ளே போய் நிரம்ப வேண்டுமென்றால் குழம்பு தண்ணீர் மாதிரி ஓடியாக வேண்டும். இவ்வளவு ரகளைக்கும் அப்புறம் அச்சை உடைத்துப் பார்த்தால், குறை ஒன்றே ஒன்று, வலது கால் விரல்களும் அதற்கு மேலே கொஞ்சமும் சரியாக விழவில்லை. குழம்பு கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது, அந்தக் கால் வராது என்று டியூக்கிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன் என்று அதிலும் பெருமை அடித்துக்கொள்கிறார்.

கேள்வி: நகல் வாங்கி வைப்பது கௌரவக் குறைச்சல் இல்லையா?

மைக்கேலாஞ்சலோவின் டேவிட் பெர்சியஸ் நிற்கும் அதே சதுக்கத்தில்தான் நிற்கிறது, மெடூசாவைப் பார்த்துத்தான் அது கல்லாகிப்போனது என்று ஒரு வேடிக்கைப் பேச்சுகூட உண்டு. ஒரிஜினலை 1873-இலேயே பாதுகாப்புக்காக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், இன்று அங்கே இருப்பது 1910-இல் வைத்த நகல். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. பெர்சியஸின் பீடத்து மாடங்களில் இருக்கும் குட்டி வெண்கலங்களும் நகல்கள்தான், செல்லினி கைபட்டவை பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் விஷயம் இன்னும் வேடிக்கை. பழைய கிரேக்கர்களின் பெரிய சிலைகளில் ஏராளமானவை வெண்கலம், அவற்றில் அநேகம் பிற்காலத்தில் உருக்கப்பட்டு வேறு ஏதேதோ ஆகிவிட்டன. தப்பியவற்றில் பல, கடலில் மூழ்கியதால் தப்பியவை, 1972-இல் இத்தாலியில் ரியாச்சே கடலில் கிடைத்த இரண்டு வீரர்கள் மாதிரி. மற்றவற்றை ரோமானியர்கள் சலவைக்கல்லில் எடுத்த நகல்கள் மூலமாகத்தான் நமக்குத் தெரியும். கல் தன் கனத்தையே தாங்காது என்பதால் காலருகே ஒரு மரக்கட்டை வடிவத்தை அதே கல்லில் சேர்த்திருப்பார்கள், வெண்கலத்துக்கு அது தேவையே இல்லை. இன்றைக்கு அந்தச் சலவைக்கல் நகலைப் பார்த்து வெண்கலத்தில் நகல் எடுக்கிறவர்கள் மரக்கட்டையையும் சேர்த்து வார்த்துவிடுகிறார்கள். வெண்கலத்தின் கல் நகலுக்கு வெண்கல நகல், நடுவில் வந்த முட்டுக்கட்டை அப்படியே நிற்கிறது.

சின்ன நகல் என்பதும் புதுசு இல்லை. மான்டுவா அரண்மனையில் இருந்த ஒரு சிற்பிக்கு, பழங்கால விஷயத்தில் இருந்த பித்தால், அன்டிக்கோ என்றே பட்டப்பெயர். புராதன சிலைகளைக் கைக்கு அடக்கமாக வெண்கலத்தில் செய்வார், அச்சுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். 1519-இல் மான்டுவா அரச குடும்பத்து இசபெல்லா தெஸ்தேவுக்குக் கடிதம் எழுதி, முன்பு வேறொருவருக்குச் செய்தவற்றையே உங்களுக்கும் வார்த்துத் தருகிறேன் என்றார். அந்த அம்மாளும் கௌரவம் பார்க்கவில்லை.

கேள்வி: ஹெர்குலிஸ் தடியில் சாய்ந்து நிற்கும் சிலை வாங்கினேன். ஒரு கையை ஏன் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறான்?

ஆப்பிள் வைத்திருக்கிறான். ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்துப் பொன் ஆப்பிள்கள், அவனுக்கு விதித்த வேலைகளில் கடைசிப் பக்கத்து வேலை, முடித்துவிட்டுக் களைத்து நிற்கிறான். கிரேக்கச் சிற்பி லிசிப்போஸ் செய்த மூல வெண்கலம் போய்விட்டது, கிளைக்கோன் என்பவர் சலவைக்கல்லில் செய்த பிரமாண்ட நகல் நேப்பிள்ஸில் இருக்கிறது. முன்னால் பார்த்தால் சோர்ந்துபோன மனிதன், சுற்றிப் பின்னால் போனால்தான் காரணம் தெரியும், அதுதான் அந்தச் சிலையின் மொத்த சாமர்த்தியமே.

நான் முன்பு ஒன்று வாங்கினேன், எங்கே என்பது வேண்டாம். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் கை காலியாக, விரல்கள் ஒட்டி ஒரு பணியாரம் மாதிரி உருண்டையாக இருந்தது. முதுகு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க, இன்னும் வைத்திருக்கிறேன். அதிலிருந்து எந்த நகலை எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருக்கும் மெர்குரி (ரோமானியத் தெய்வம்) சிலையின் அடியில் பார்பெதியென் என்ற பாரிஸ் வார்ப்பகத்தின் பெயரும், கூடவே 3/8 என்ற எண்ணும் இருக்கின்றன. பழையதுதானே?

இரண்டும் ஒன்றாக இருப்பதே எனக்கு இடிக்கிறது. அஷில் கொலாஸ் 1836-இல் ஒரு கருவி செய்தார், ஒரு முனை மூலச் சிலையைத் தடவிக்கொண்டே போகும், மறு முனை அதே வடிவத்தைச் சின்ன அளவில் செதுக்கிக்கொண்டே வரும். 1838-இல் ஃபெர்டினான் பார்பெதியென் அவரோடு கூட்டுச் சேர்ந்து, அருங்காட்சியகச் சிலைகளைப் பல அளவுகளில் வார்த்துத் தள்ளினார்கள். அது கேட்டலாக் வியாபாரம், விற்கும் வரை வார்ப்பது, எட்டில் மூன்றாவது என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. எண் போட்டு வரம்பு கட்டுகிற பழக்கம் வலுத்தது அதற்கப்புறம்தான்.

உங்களுடையது பழைய வெண்கலத்தின் மேல் நேராக அச்சு எடுத்து வார்த்ததாக இருக்கலாம். அப்படி எடுக்கும்போது முத்திரையும் சேர்ந்தே வந்துவிடும், யாரும் தனியாகப் பொய் முத்திரை குத்த வேண்டியதில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உலோகம் ஆறும்போது சுமார் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். 40 சென்டிமீட்டர் சிலையிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் 6 முதல் 8 மில்லிமீட்டர் குட்டையாக வரும். சரியான அளவு தெரிந்த இன்னொரு வார்ப்போடு ஒப்பிட்டு, பீடத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் அளந்து பாருங்கள். அளவோடு கூர்மையும் போகும், எழுத்தின் ஓரம் சோப்பில் எழுதினது மாதிரி மழுங்கியிருக்கும். பெர்சியஸ் நகல் வைத்திருப்பவர்கள் மார்பின் குறுக்கே ஓடும் பட்டையைப் பார்க்கலாம், மூலத்தில் அங்கேதான் செல்லினி தன் பெயரை வெட்டியிருக்கிறார். உங்கள் நகலில் அது படிக்க வந்தால் அச்சு நல்ல அச்சு, வரிவரியாகக் கோடு மட்டும் தெரிந்தால் எத்தனையாவது தலைமுறை நகலோ.

பிரான்ஸில் 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணைப்படி, அதற்குப் பிறகு செய்கிற எந்த நகலிலும் 'ரெப்ரொதுக்சியோன்' (மறுபிரதி) என்று அழியாதபடி பொறித்தாக வேண்டும். அந்தச் சொல் இருந்தால் கோபப்படாதீர்கள், உங்களிடம் உண்மை பேசுகிற சிலை அதுதான். ஆனால் அடியில் யாரோ அரத்தால் ராவித் தேய்த்த தடம் இருந்தால், என்னத்தை அழித்தார்கள் என்று யோசியுங்கள்.

கேள்வி: சிலையின் மடிப்புகளில் பச்சையாக ஏதோ இருக்கிறது. பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளைப் பாலிஷை அலமாரியிலேயே வையுங்கள். வெண்கலத்தின் பழுப்பும் கறுப்பும் அழுக்கு இல்லை. வார்த்து முடித்த சிலை புதுக்காசு மாதிரி மினுங்கும், அதைச் சூடாக்கிக் கந்தகச் சேர்மம் தடவினால் கறுப்பும் பழுப்பும், இரும்பு நைட்ரேட்டில் செம்பழுப்பு, செம்பு நைட்ரேட்டில் பச்சை என்று ஒருவர் நின்று நிதானமாக ஏற்றிய நிறம் அது. பாலிஷ் போட்டால் பத்து நிமிஷத்தில் எல்லாம் போய், குழாய் மாதிரிப் பளபளக்கும் ஒரு பெர்சியஸ் மிஞ்சுவான்.

பச்சையை ஒரு பல்குத்தும் குச்சியால் லேசாகச் சுரண்டுங்கள். கெட்டியாக ஒட்டியிருந்தால் ஏற்றிய நிறம், அல்லது சாதாரணக் களிம்பு, விட்டுவிடலாம். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து, துடைத்த சில நாளில் அதே புள்ளியில் மறுபடி பூத்தால் அது நோய். உலோகத்துக்குள் குளோரைடு புகுந்துவிட்டது, ஈரம் கிடைக்கிற வரை அரித்துக்கொண்டே போகும். சிலையை நல்ல காய்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். நோய் இல்லாத சிலைக்கு மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவது, எப்போதாவது நிறமில்லாத மெழுகை மெல்லிசாகத் தடவிப் பருத்தித் துணியால் துடைப்பது, அவ்வளவுதான் வைத்தியம்.

கேள்வி: ரோமின் ஓநாய்ச் சிலை 2500 வருடம் பழையதா?

அப்படித்தான் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1997-இல் தொடங்கிய சீரமைப்பின்போது அன்னா மரியா கரூபா என்ற நிபுணர் அது ஒரே வார்ப்பாக இருப்பதைக் கவனித்து, பழங்கால முறை இப்படி இருக்காதே என்று சொல்ல, பிறகு செய்த கார்பன் சோதனையும் பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பக்கம் கைகாட்டியது. இன்னும் ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அடியில் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகள் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் சேர்த்தவை, அதில் மட்டும் சண்டை இல்லை.

கேள்வி: பெர்சியஸை எந்த உயரத்தில் வைப்பது?

உங்கள் கண் மட்டத்துக்கு மேலே. அவன் குனிந்து கீழே பார்க்கிறான், செல்லினி சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்காகச் செய்தது. தாழ்வான மேசையில் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது தலைக்கவசத்தின் உச்சியும் இரண்டு சிறகும்தான். அலமாரித் தட்டில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், அவன் பார்வை நேராக உங்கள் மேல் விழும்.

அப்புறம், சுவரோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள், பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பிடரிப் பக்கம் தலைக்கவசமும் முடியும் சேரும் இடத்தில், மூக்கும் தாடியுமாக இன்னொரு முகம் ஒளிந்திருக்கிறது, செல்லினி தன்னையே வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். உங்கள் நகலில் அது விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.